லாகோஸிலிருந்து அக்ரா வரை: கினி வளைகுடாக் கரையின் எல்லை வணிகம்

மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கரையில் கினி வளைகுடாவை ஒட்டியே செல்லும் லாகோஸ்–அபிஜான் சாலை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்தில் நைஜீரியா, பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய ஐந்து நாடுகளைத் தொடுகிறது. அதன் கிழக்குப் பாதியான லாகோஸ் முதல் அக்ரா வரையிலான பகுதி ஏறக்குறையச் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தொலைவே எனினும், அவ்வழியே செல்பவர் மூன்று எல்லைகளையும் மூன்று நாணயங்களையும், ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கும் மாறும் ஆட்சிமொழிகளையும் கடந்தாக வேண்டும். அரசுகளின் ஏடுகளை மட்டும் புரட்டிப் பார்ப்பவருக்கு இந்த அண்டை நாடுகள் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே வணிகம் செய்வதாகத் தோன்றும். இப்பகுதி நாடுகளின் மொத்த வெளிவணிகத்தில் தமக்குள் நடப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டியே பதிவாகிறது. சாலையில் இறங்கிச் செல்பவர் காண்பதோ, மூட்டையும் கேனும் கூடையும் பொட்டலமும் இடைவிடாமல் எல்லை தாண்டும் காட்சியை. ஏட்டுக்கும் சாலைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டுக்குத்தான் பொருளியலார் முறைசாரா எல்லை வணிகம் என்று பெயரிட்டிருக்கின்றனர். சுங்கத் துறையின் கணக்கில் ஏறாமல், அல்லது குறைத்தும் மாற்றியும் எழுதப்பட்டு, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் சரக்கின் போக்குவரத்தே அது. சரக்கு தடைசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது தக்காளியாகவோ சோளமாகவோ துணியாகவோதான் இருக்கிறது.

லாகோஸில் இப்பயணம் மைல்-2 என்னும் பேருந்து நிலையத்தில் தொடங்குகிறது. கறுப்புக் கோடிட்ட மஞ்சள் வேன்களும் பலர் பகிர்ந்து ஏறும் பழைய கார்களும் மேற்கே படாக்ரி வழியாக எல்லை ஊரான செமே நோக்கிப் புறப்படுகின்றன. சாலையின் பல பகுதிகள் நெடுங்காலமாகச் செப்பனிடப்படாமல் கிடக்க, ஒருபுறம் காயலும் மறுபுறம் தென்னந்தோப்புகளும் தொடர்ந்து வருகின்றன. அடிமை வணிகக் காலத்தில் மனிதர்களைக் கப்பலேற்றிய துறையான படாக்ரியைத் தாண்டியதும், பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. காவல் துறை, சுங்கத் துறை, குடிவரவுத் துறை, பயிர்நோய்த் தடுப்புத் துறை எனப் பல துறையினர் சிறிது தொலைவுக்கு ஒன்றாகச் சோதனைச்சாவடி அமைத்துக்கொண்டு, குறுக்கே கட்டையையோ கயிற்றையோ போட்டு வண்டிகளை நிறுத்துகின்றனர். ஓட்டுநர்கள் பலர் இறங்குவதேயில்லை. மடித்த நோட்டு ஒன்று சன்னல் வழியே கைமாறுகிறது, கயிறு தாழ்கிறது. பயணியிடம் கடவுச்சீட்டு முறையாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்கப்படுகிறது. அதுவும் இருந்தால் கேட்பதற்கு வேறொன்று கிடைக்காமல் போவதில்லை.

இவையனைத்தும் நடைபெறும் சாலை, ஒப்பந்தப்படி, தடையற்ற சாலையாகும். 1975 மே 28 அன்று லாகோஸிலேயே கையெழுத்தான உடன்படிக்கையால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் உருவானது. உறுப்பு நாட்டவர் எவரும் விசா இல்லாமல் 90 நாள் வரை மற்றொரு உறுப்பு நாட்டில் தங்கலாம் என்பது அதன் 1979ஆம் ஆண்டு நெறிமுறை. அதே ஆண்டில் பதப்படுத்தப்படாத விளைபொருளுக்கும் கைவினைப் பொருளுக்கும் உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி கிடையாது என்று முடிவாயிற்று. 1990இல் அச்சலுகை ஆலைப் பொருள்களுக்கும் விரிந்தது. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி விதிக்க வேண்டும் என்னும் பொது வெளிச்சுங்க வரித்திட்டம், 0 முதல் 35 விழுக்காடு வரை ஐந்து படிகளாக, 2015இல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் இதைவிட முழுமையான ஒருங்கிணைப்பு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இல்லை.

நைஜீரியாவையும் பெனினையும் பிரிக்கும் கோடு 1889இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டில் வரையப்பட்டது. யொருபா மொழி பேசுவோரும் எகுன் மக்களும் அக்கோட்டின் இரு பக்கமும் வாழ்கின்றனர். திருமணமும் இழவும் சந்தைநாளும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. செமேயின் நெடுஞ்சாலை வாயிலில் அலுவலர்கள் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போதே, சில நூறு மீட்டர் தள்ளிப் புதர்களுக்கிடையே செல்லும் மணற்பாதைகளிலும் காயலில் மிதக்கும் படகுகளிலும் சரக்கு சென்றுகொண்டிருப்பது அங்கே யாருக்கும் மறைபொருள் அன்று. அந்தப் பாதைகளிலும் கட்டணம் உண்டு என்பதையும், அதை வாங்குபவர்களுள் சீருடையினரும் அடங்குவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

எல்லையில் நிற்கும் பெரிய கட்டடம் செமே–கிராகே கூட்டு எல்லை நிலையம். இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, வண்டி ஒருமுறை மட்டுமே நின்றால் போதும் என்னும்படி செய்வதே இத்தகைய நிலையத்தின் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் எழுப்பப்பட்ட அதனை 2018 அக்டோபரில் நைஜீரியக் குடியரசுத் தலைவர் முகமது புகாரியும் பெனின் குடியரசுத் தலைவர் பத்ரீஸ் தலோனும் கூடித் திறந்து வைத்தனர். 2019 ஜூலையில் நைஜீரியா ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்டு 20 அன்று, அது தன் நில எல்லைகள் அனைத்தையும் சரக்குக்கு மூடிவிட்டது. அரிசி உள்ளே வருவதையும் பெட்ரோல் வெளியே போவதையும் தடுப்பதே காரணம் என்று கூறப்பட்டது. முறையான ஆவணங்களோடு வந்த லாரிகள் செமேயில் வாரக்கணக்கில் நிற்க, பெனின் உழவர்களின் தக்காளியும் அன்னாசியும் அழுகின. லாகோஸில் உணவு விலை ஏறியது. அரிசியோ புதர்ப் பாதைகளில் தொடர்ந்து சென்றது. 2020 டிசம்பரில்தான் செமே உள்ளிட்ட நான்கு வாயில்கள் மீண்டும் திறக்கப்பட்டன. எல்லையடைப்பால் முதலில் தண்டிக்கப்பட்டவர்கள் விதிப்படி வந்தவர்களே என்பதை அந்தப் பதினாறு மாதங்கள் ஐயமின்றிக் காட்டின.

எல்லையைத் தாண்டிப் பெனினுக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் வரிசையாகக் கண்ணில் படுவன பெட்ரோல் நிரம்பிய கண்ணாடிக் குடுவைகள். சிறு மேசையின்மீது ஒரு லிட்டர் சாராயப் புட்டிகளும், தரையில் வயிறு பருத்த பெருங்குடுவைகளும், அருகே ஒரு புனலும் துணி வடிகட்டியுமாக இருக்கும் இவையே அந்நாட்டின் எரிபொருள் நிலையங்கள். கபாயோ என்று அழைக்கப்படும் இந்தப் பெட்ரோல் நைஜீரியாவிலிருந்து கணக்கில் ஏறாமல் வருவது. பல ஆண்டுகள் பெனினில் எரிந்த பெட்ரோலில் மிகப் பெரும்பகுதி இதுவே. நைஜீரிய அரசு உள்நாட்டில் பெட்ரோலுக்கு மானியம் தந்து விலையைத் தாழ்த்தி வைத்திருந்ததும், பெனின் அரசு வரி விதித்ததும் சேர்ந்து எல்லையின் இருபுறமும் விலை வேறுபாட்டை உண்டாக்கின. அந்த வேறுபாட்டை ஒரு தொழிலாக மாற்றினர் ஓட்டுநர்களும் படகோட்டிகளும். இருக்கையின் இருபுறமும் பின்னாலும் முன்னாலும் கேன்களைக் கட்டி, ஓட்டுபவரின் தலை மட்டும் தெரியுமாறு ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் போர்ட்டோ-நோவோ சாலையில் யாரும் காணலாம். கால் ஊனமுற்றோர் தமக்கெனத் திருத்தியமைத்த மூன்று சக்கர ஸ்கூட்டர்களின் அடியில் பெரிய தொட்டிகளைப் பொருத்தி இதே வேலையைச் செய்கின்றனர். அவர்களை நிறுத்திச் சோதிக்க அலுவலர்கள் தயங்குவர் என்பது அத்தொழிலின் கணக்குகளுள் ஒன்று.

இதனை வீரக்கதையாகச் சொல்வது எளிது. ஆனால் தீ அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2023 செப்டம்பரில் எல்லை ஊரான செமே-கிராகேயில் இத்தகைய பெட்ரோல் கிடங்கு ஒன்று தீப்பற்றியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே 29 அன்று, நைஜீரியாவின் புதிய குடியரசுத் தலைவர் போலா தினுபு தம் பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். ஏறத்தாழ 190 நைராவாக இருந்த லிட்டர் விலை சில நாட்களில் 500ஐத் தொட, கபாயோவின் விலையும் அதனுடன் ஏறியது. பெனினின் அதிகாரபூர்வ நிலையங்களில் நீண்ட வரிசைகள் தோன்றின. சோதனைச்சாவடிகளால் பல்லாண்டுகளாகச் செய்ய முடியாததை ஒரு விலை மாற்றம் சில நாட்களில் பெருமளவு செய்துவிட்டது. எனினும் நைராவின் மதிப்பும் அதே ஆண்டு சரியத் தொடங்கியதால், பெனினின் நாணயத்தில் கணக்கிட்டால் நைஜீரியப் பெட்ரோல் மீண்டும் மலிவாகவே தோன்றியது. குடுவைகள் குறைந்தன, ஆனால் சாலையை விட்டுப் போய்விடவில்லை.

பெட்ரோல் மேற்கே வருவது போல அரிசி கிழக்கே செல்கிறது. தமிழ் வாசகருக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்: நைஜீரியர் விரும்பி உண்பது புழுங்கல் அரிசி, பெனினில் பெரும்பாலோர் உண்பது வெள்ளையான பச்சரிசி. ஆயினும் மக்கள்தொகையில் சென்னைப் பெருநகரத்தை ஒத்த பெனின், உலகின் பெரிய புழுங்கல் அரிசி இறக்குமதி நாடுகளுள் ஒன்றாகத் தாய்லாந்து ஏற்றுமதியாளர் கணக்கிலும் இந்திய ஏற்றுமதியாளர் கணக்கிலும் இடம்பெற்றுவிட்டது. ஆந்திரத்தின் காக்கிநாடா துறைமுகத்திலிருந்தும் அந்த மூட்டைகள் புறப்படுகின்றன. பெனினின் கோட்டனு துறைமுகத்தில் இறங்கும் மூட்டை அந்நாட்டு அரசுக்குக் குறைந்த வரியைச் செலுத்திவிட்டு முறைப்படி நாட்டுக்குள் நுழைகிறது. பின்பு முறையற்ற வழியில் நைஜீரியாவுக்குள் போகிறது. தன் நாட்டு நெல் விளைச்சலைப் பெருக்கக் கருதிய நைஜீரியா 2013இல் அரிசி மீதான வரியையும் மேல்வரியையும் சேர்த்து 110 விழுக்காடாக உயர்த்தியது. 2016இல் நில எல்லை வழியாக அரிசி வருவதையே தடைசெய்தது. ஒவ்வொரு உயர்வும் ஒவ்வொரு தடையும் கோட்டனுவின் வணிகருக்குக் கூடுதல் இலாபமாயிற்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் பழைய கார்களின் கதையும் இதுவே. நகரையொட்டிய பரந்த திடல்களில் அடுக்கி நிறுத்தப்பட்ட அவற்றுள் பெரும்பாலானவை பெனின் சாலைகளுக்கு உரியவை அல்ல.

ஒரு நாட்டில் இறக்கிய சரக்கைப் பெரிய மாற்றம் ஏதுமின்றி வேறொரு நாட்டுக்கு அனுப்புவது மறு ஏற்றுமதி எனப்படும். பெனின் புவியியலாளர் ஜான் இக்வே, பியோ சூலே என்பாருடன் சேர்ந்து 1992இல் எழுதிய நூலில் தம் நாட்டைக் கிடங்கு அரசு என்று குறிப்பிட்டார். அண்டையில் உள்ள பெரிய நாட்டின் தடைகளையே தன் வருவாய்க்கு ஊற்றாகக் கொண்ட அரசு என்பது அதன் பொருள். துறைமுகத்தில் வாங்கும் வரி கருவூலத்துக்கு இன்றியமையாதது என்பதால், கோட்டனுவில் உள்ள எந்த ஆட்சியும் இந்த வணிகத்தைக் கடத்தல் என்று மனமாரக் கூறியதில்லை. நைஜீரியா அதனைக் கடத்தல் என்று கூறாமல் இருந்ததுமில்லை. இரண்டு அரசுகளும் ஒரே சமூகத்தின் உறுப்பினர்கள். ஒரே வெளிச்சுங்க வரித்திட்டத்தில் கையெழுத்திட்டவர்கள்.

கோட்டனுவின் காயற்கரையில் விரியும் டான்டொக்பா சந்தையில் முறைசாரா வணிகத்தின் வேறொரு முகம் தெரிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றான இங்கே விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் பெண்களே. நைஜரிலிருந்து வரும் ஊதா நிற வெங்காயம், வடக்கேயிருந்து வரும் மாடுகளும் காராமணியும், மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்தெடுத்த காரி என்னும் மாவு, கோலா கொட்டை, உலர்ந்த மீன் ஆகியவை இங்கு மாற்றி ஏற்றப்பட்டு நாற்புறமும் செல்கின்றன. இவற்றின் ஓட்டம் எந்த அரசின் மானியத்தையும் தடையையும் சார்ந்து பிறந்ததன்று. மழை குறைந்த வடபுலமும் மழை மிகுந்த கடற்கரையும் ஒன்றுக்கொன்று விளைச்சலைப் பரிமாறிக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மேற்கு ஆப்பிரிக்கச் சமூகம் தடை விதித்து, பெனின்–நைஜர் எல்லையை மூடச் செய்தது. அந்த எல்லையின் மலான்வில் பாலத்தில் லாரிகள் நின்றன; மூட்டைகள் நைஜர் ஆற்றைப் படகில் கடந்தன. அந்தப் பிணக்கின் முடிவில் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று சமூகத்தைவிட்டு வெளியேறிவிட்டன, வெங்காயம் வெளியேறவில்லை.

ஆகவே ஒரே பெயரில் வழங்கும் இந்த வணிகத்துக்குள் இயல்பில் மாறுபட்ட இரண்டு வணிகங்கள் இருப்பதைப் பிரித்தறிவது தேவை. வெங்காயமும் காராமணியும் மீனும் செல்லும் வணிகம், எல்லைகள் உண்மையாகவே திறந்தால் பெருகக்கூடியது. பெட்ரோல், அரிசி, பழைய கார் ஆகியவை செல்லும் வணிகம், அரசுகளின் கொள்கைகள் வேறுபடுவதால் மட்டுமே உயிர்வாழ்வது. ஒருங்கிணைப்பு வென்றால் அது மறைந்துவிடும். கடத்தலே உண்மையான ஒருங்கிணைப்பு, மக்கள் தம் கால்களால் அதனை நிறைவேற்றிவிட்டனர் என்று கூறும் ஆய்வாளர்கள் முதல் வகையைக் கண்ணாரக் கண்டு இரண்டாம் வகைக்கும் சேர்த்துப் புகழ் பாடுகின்றனர். எல்லாவற்றையும் கடத்தலென ஒதுக்கும் அலுவலர்கள் இரண்டாம் வகையைக் காட்டி முதல் வகையைத் தண்டிக்கின்றனர். நடைமுறையில் இந்த இரண்டாம் தவறே கொடியது. ஏனெனில் அரிசி வணிகருக்குப் பணமும் தொடர்புகளும் உண்டு. கூடை சுமக்கும் பெண்ணுக்கு அவை இல்லை.

கோட்டனுவிலிருந்து மேற்கே செல்லும் சாலை நல்ல நிலையில் உள்ளது. வீதா, கிராண்ட்-போபோ ஆகிய பழைய துறைகளைக் கடந்து, ஹில்லா-கொஞ்சியில் டோகோவுக்குள் நுழைகையில் நாணயம் மாறுவதில்லை. கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் பின்னோக்கிப் போகிறது. பெனின், டோகோ உட்பட எட்டு நாடுகள் வழங்கும் சிஎஃப்ஏ பிராங்கு, 655.957க்கு ஒரு யூரோ என்ற நிலையான விகிதத்தில் கட்டப்பட்டது. ஒருபுறம் நைராவும் மறுபுறம் கானாவின் சீடியும் அடிக்கடி மதிப்பிழக்கும்போது, இடையில் அசையாமல் நிற்கும் இந்த நாணயமே கடற்கரை வணிகம் முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது. அதனாலேயே எல்லைதோறும் நோட்டுக் கட்டுகளோடு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நாணய மாற்றுவோர், வங்கிகளைவிட விரைவாக விலையை அறிந்து சொல்கின்றனர். முழுப் பகுதிக்கும் எக்கோ என்னும் ஒரே நாணயம் வரும் என்ற வாக்குறுதி பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, இப்போது 2027ஐக் குறித்திருக்கிறது.

லோமே நகரம் எல்லையின்மேலேயே உட்கார்ந்திருக்கும் தலைநகரம். அதன் கடற்கரைச் சாலையில் மேற்கே நடந்தால் கானாவின் அஃப்லாவ் வாயிலில்தான் போய் முட்ட வேண்டும். 1884இல் ஜெர்மனி கைப்பற்றிய டோகோலாந்து, முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்கும் பிரிட்டனுக்குமாகப் பங்கிடப்பட்டது. பிரிட்டனின் பங்கு 1956 வாக்கெடுப்பால், பின்னர் கானாவான கோல்ட் கோஸ்டுடன் சேர்ந்தது. ஏவே மொழி பேசும் மக்கள் இவ்வாறு இரு நாட்டினராயினர். கானா துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அந்த வணிகம் எல்லையைத் தாண்டி லோமேக்கு வந்தது. ஜாவாவின் பாத்திக் துணியைப் பின்பற்றி நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் விளிஸ்கோ நிறுவனம் அச்சிட்ட மெழுகுத் துணிகளை மொத்தமாக எடுத்து, வட்டாரம் முழுவதும் விற்ற லோமேயின் பெண் வணிகர்கள், தாம் வாங்கி ஓட்டிய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களால் நானா பென்ஸ் என்று பெயர் பெற்றனர். வெளிநாட்டு விருந்தினர் வரும்போது அரசே அவர்களிடம் காரை இரவல் வாங்கியதாகக் கூறுவர். எந்த வடிவத்துக்கு என்ன பெயர் சூட்டினால் எந்த ஊரில் விற்கும் என்பதை அறிந்திருந்த அவர்களின் செல்வாக்கை, 1994 ஜனவரியில் பிராங்கின் மதிப்பு பாதியானது முதலில் சாய்த்தது. பின்னர் வந்த மலிவான சீன அச்சுத் துணிகள் முடித்துவைத்தன. லோமேயின் பெருஞ்சந்தைக் கட்டடமும் 2013 ஜனவரியில் தீக்கிரையாயிற்று.

அஃப்லாவ் வாயிலில் ஓட்டம் எதிர்ப்புறமாகவும் இருக்கிறது. கானாவில் உழவர் பெறும் கோகோ விலையை அரசின் கோகோ வாரியம் ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. உலகச் சந்தையில் விலை பாய்ந்து ஏறி, சீடியின் மதிப்பும் வீழ்ந்த 2023–24 பருவத்தில், டோகோவிலும் ஐவரி கோஸ்டிலும் கூடுதல் விலை கிடைத்ததால், ஏறத்தாழ 1,60,000 டன் கோகோ கள்ளத்தனமாக வெளியேறியதாக வாரியத்தின் தரப்பே கணக்கிட்டது. நைஜீரியப் பெட்ரோலைப் போலவே, இங்கும் கடத்தலைப் படைத்தது உழவரின் குணமன்று, நிர்ணயித்த விலையே.

அக்ராவை நோக்கிய மீதிச் சாலை கேட்டா காயலின் வெங்காயப் பாத்திகளுக்கு அப்பால் சோகாகோபேயில் வோல்டா ஆற்றைக் கடந்து நகரை அடைகிறது. ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதியின் தலைமைச் செயலகம் 2020 முதல் இந்நகரில்தான் இயங்குகிறது. இதே நகரின் சந்தைகளில் சிறுவணிகம் செய்யும் நைஜீரியரின் கடைகள் 2019இலும் அதற்குப் பின்னும் பூட்டப்பட்டன. அதற்குக் காட்டப்பட்ட ஆதாரம் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம்: வாங்கி விற்கும் தொழிலில் இறங்கும் வெளிநாட்டவர் குறைந்தது பத்து இலட்சம் அமெரிக்க டாலர் முதலீடு செய்து, இருபது கானா நாட்டவரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்று அது கூறுகிறது. அண்டை நாட்டவர் வெளிநாட்டவரா என்ற கேள்விக்கு உடன்படிக்கை ஒரு விடையும் சட்டம் மற்றொரு விடையும் தருகின்றன. கடைத்தெருவில் செல்லுபடியாவது சட்டமே.

கண்டம் தழுவிய புதிய ஒப்பந்தங்களைவிட, இச்சாலையில் உடனே செய்யத்தக்கது மிகச் சிறியது. விளைபொருளுக்கு வரி இல்லை என்ற 1979இன் விதி இன்னும் நடைமுறையில் உள்ளது. அதனைச் செமேயிலும் அஃப்லாவிலும் எழுதி ஒட்ட வேண்டும். எல்லையில் ஒருமுறை சோதிக்கப்பட்ட உணவுச் சரக்கை, எல்லைக்கும் நகருக்கும் இடையே மீண்டும் நிறுத்தும் சாவடிகளை அகற்ற வேண்டும். அதற்குப் புதிய உடன்படிக்கை எதுவும் தேவையில்லை. நைஜீரியா, பெனின், டோகோ, கானா ஆகிய நான்கு நாட்டு அரசுகளும் தாம் ஏற்கெனவே இட்ட கையொப்பத்தை மதித்தால் போதும்.